பள்ளி வாயிலில் மெட்டல் டிடெக்டர்: அது எதை அறியும், எதை அறியாது

பள்ளி ஒன்றில் ஆயுதத் தாக்குதல் நிகழும் ஒவ்வொரு முறையும், மேல்நிலைப் பள்ளிகளின் வாயிலில் மெட்டல் டிடெக்டரைக் கட்டாயமாக்க வேண்டும் என்ற கோரிக்கை எழுகிறது. பிள்ளைகளின் உயிரைப் பற்றிய அச்சத்தில் பிறக்கும் அந்தக் கோரிக்கையை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. ஆனால் அந்தக் கருவி ஆயுதத்தைத் தேடுவதில்லை. மின்சாரம் பாயக்கூடிய பொருள் ஒன்று தன் காந்தப்புலத்துக்குள் வந்ததா என்பதை மட்டுமே அது அறிகிறது.

மாறிக்கொண்டிருக்கும் காந்தப்புலம் அருகிலுள்ள கடத்தியில் மின்னோட்டத்தைத் தூண்டும் என்பதை மைக்கேல் ஃபாரடே 1831-இல் கண்டறிந்தார். நடந்து கடக்கும் வாயில் வடிவக் கருவியின் அடிப்படை இதுதான். அதன் பக்கப் பலகைகளுக்குள் கம்பிச்சுருள்கள் மறைந்திருக்கின்றன. பரவலாகப் பயன்படும் துடிப்பு முறையில், சுருளுக்குள் ஒரு நொடிக்குப் பல நூறு முறை மிகக் குறுகிய மின்துடிப்புகள் செலுத்தப்படுகின்றன. துடிப்பு சட்டென நிறுத்தப்படும்போது காந்தப்புலம் சரிகிறது. அந்தச் சரிவு, கடந்து செல்பவரிடம் உள்ள உலோகத்தில் சுழல் மின்னோட்டங்களை எழுப்புகிறது. அவை உடனே அடங்குவதில்லை. மைக்ரோ விநாடிகளில் அளக்கத்தக்க சிறு பொழுது நீடித்து, தமக்கென ஒரு மெல்லிய காந்தப்புலத்தை உண்டாக்குகின்றன; அனுப்பும் சுருள் ஓய்ந்திருக்கும் அந்த இடைவெளியில் ஏற்கும் சுருள் அதை உணர்ந்து, குறித்த அளவை மீறினால் ஒலி எழுப்புகிறது. இதில் எக்ஸ் கதிர் எதுவும் இல்லை. இதய முடுக்கி பொருத்தியவர்கள் அருகில் நின்றுவிடாமல் இயல்பான நடையில் கடந்துவிட வேண்டும் என்பதே பொதுவான அறிவுரை.

உலோகத்திலிருந்து கருவிக்குத் திரும்பிவரும் இந்தச் சைகையின் வலிமை அதன் எடையை மட்டும் பொறுத்ததல்ல. உலோகத்தின் மின்கடத்துத்திறன், காந்தத்தன்மை, பரப்பு, வடிவம், புலத்தை நோக்கி அது திரும்பியிருக்கும் கோணம் ஆகிய அனைத்தும் அதைத் தீர்மானிக்கின்றன. கோப்பில் தாள்களைப் பிடித்துவைக்கும் எஃகு வளையத்தைப் பாருங்கள்: எடை குறைவு, ஆனால் மூடிய வளையம் என்பதால் மின்னோட்டம் தடையின்றிச் சுற்றிவரும். மடிக்கணினியின் அகன்ற அலுமினிய உறையில் இன்னும் வலுவான மின்னோட்டம் எழும். மாறாக, கடத்துத்திறனும் காந்தத்தன்மையும் குறைந்த சில துருப்பிடிக்கா எஃகு வகைகளால் ஆன மெல்லிய கத்தி, குறிப்பிட்ட கோணத்தில் இருந்தால் மிகச் சிறிய சைகையையே தரக்கூடும். பீங்கான் கத்தி அறவே அகப்படாது. கோணச் சிக்கலைக் குறைப்பதற்காகவே சுருள்களைப் பல அமைப்புகளில் பதித்து, வாயிலின் உயரத்தையும் பல மண்டலங்களாகப் பிரிக்கிறார்கள். சைகை எழுந்தது கணுக்காலிலா இடுப்பிலா என்பதை விளக்குகள் காட்டும்.

சுற்றியுள்ள உலோகமும் தொல்லை தரும். 1881-இல் அமெரிக்க அதிபர் ஜேம்ஸ் கார்ஃபீல்டின் உடலில் பாய்ந்த குண்டைத் தேட அலெக்சாண்டர் கிரகாம் பெல் இதே தூண்டல் தத்துவத்தைப் பயன்படுத்தியும் வெற்றிபெறவில்லை. மெத்தையின் உலோகச் சுருள்கள் குழப்பின என்பது அதற்குச் சொல்லப்படும் காரணங்களில் ஒன்று. எஃகுக் கதவையும் கம்பி பதித்த தரையையும் ஒட்டி நிறுவப்படும் பள்ளி வாயிலுக்கும் இது பொருந்தும்.

ஆகவே எல்லாம் உணர்திறன் அளவில் வந்து நிற்கிறது. அதைக் கூட்டினால் சிறு கத்தியும் அகப்படும், ஆனால் வளையமும் இடைவாரும் சேர்ந்து ஒலிக்கும். குறைத்தால் வரிசை நகரும், கத்தியும் நகர்ந்துவிடும். கணக்குக்காக ஒரு பள்ளியை எடுத்துக்கொள்வோம். 1000 மாணவர்களில் ஒருவரிடம் ஆயுதம் இருக்கிறது. ஆயுதமில்லாதவர்களில் 5 சதவீதத்தினருக்கு மட்டுமே தவறாக ஒலிக்கிறது. அப்போதும் ஒரே காலையில் ஏறத்தாழ 50 பொய் எச்சரிக்கைகள் எழும். ஒவ்வொன்றுக்கும் கைக்கருவியால் மறுசோதனை செய்தாக வேண்டும். ஆளுக்கு 6 நொடி என்றாலே ஒரு வாயிலில் 1000 பேர் கடக்க 100 நிமிடங்கள் ஆகும். நாள்தோறும் பொய் எச்சரிக்கையையே கேட்டுப் பழகிய காவலர் மெய்யான ஒன்றையும் கையசைத்து அனுப்பிவிடக்கூடும் என்பதைத்தான் நான் இவற்றுள் மிகப் பெரிய ஆபத்தாகக் கருதுகிறேன்.

பயன் இல்லையா என்றால், இருக்கிறது. நியூயார்க் நகர உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடம் 1992-இல் நடத்திய ஆய்வில், மெட்டல் டிடெக்டர் சோதனை நடந்த பள்ளிகளில் 7.8 சதவீதத்தினரும் நடக்காத பள்ளிகளில் 13.6 சதவீதத்தினரும் பள்ளிக்குள் ஆயுதம் கொண்டுவந்ததாகக் கூறினர். இது சிறிய வேறுபாடு அன்று. எனினும் சண்டைகளிலும் மிரட்டல்களிலும் பள்ளிக்கு வெளியே ஆயுதம் வைத்திருப்பதிலும் இரு வகைப் பள்ளிகளுக்கும் இடையே குறிப்பிடத்தக்க மாற்றம் காணப்படவில்லை. பதினைந்து ஆண்டு ஆய்வுகளை ஒருசேரப் பரிசீலித்து 2011-இல் வெளியான கட்டுரை, மாணவர் நடத்தையில் நற்பயன் உண்டு என்று முடிவுகட்டப் போதிய சான்று இல்லை என்றது. இக்கருவி மாணவர்களின் பாதுகாப்பு உணர்வைக் குறைக்கக்கூடும் என்றும் சுட்டியது.

மறைத்துக் கொண்டுவரப்படும் ஆயுதத்துக்கு எதிராகவே இக்கருவி பயன்படும். அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தின் ரெட் லேக் பள்ளியில் 2005 மார்ச்சில் கருவியும் காவலர்களும் இருந்தும், துப்பாக்கியை மறைக்காமல் வந்தவர் வாயிலில் இருந்த ஆயுதமற்ற காவலரைச் சுட்டுவிட்டே உள்ளே நுழைந்தார். கட்டாயமாக்க முனையும் அரசு கருவிகளின் எண்ணிக்கையை மட்டும் எழுதினால் போதாது. உணர்திறனை எந்த மாதிரிப் பொருளை வைத்து, எத்தனை நாளுக்கு ஒருமுறை சரிபார்ப்பது, மாணவிகளை மறுசோதனை செய்வது யார், பக்கவாட்டுக் கதவுகளையும் தரைத்தள ஜன்னல்களையும் கவனிப்பது யார் என்பவற்றையும் அதே ஆணையில் எழுத வேண்டும்.