தீர்மானம் சட்டமல்ல: கையெழுத்துத் தாளைச் சுற்றுக்கு விடும் பங்குப் பேரவைகளுக்கு

எஸ்.சி. தகுதிக்கு மத வரம்பு கட்டிய 1950 ஆணை வந்த ஆகஸ்ட் 10, நமக்குக் கறுப்பு தினம். அது நெருங்கினால் பங்குக் கோவில்களில் திருப்பலி முடிந்ததும் கையெழுத்துத் தாள் சுற்றத் தொடங்கும். "தலித் கிறிஸ்தவர்களுக்கு எஸ்.சி. தகுதி வழங்குக" என்று முதலமைச்சருக்கு எழுதிய மனு. அதிலுள்ள வேதனை அத்தனையும் உண்மை. முகவரிதான் தவறு. இதை எத்தனை ஆண்டுதான் திரும்பத் திரும்பச் சொல்வது?

2023 ஏப்ரல் 19 அன்று தமிழகச் சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியதிலிருந்து குழப்பம் கூடிவிட்டது. "அதான் சட்டம் வந்துடுச்சே, தாசில்தார் ஏன் எஸ்.சி. சான்றிதழ் தர மாட்டேங்கிறார்?" என்ற கேள்வி ஓயவில்லை. சட்டம் வரவில்லை. "ஒன்றிய அரசே, இதைச் செய்" என்று சட்டமன்றம் கேட்டுக்கொண்டது, அவ்வளவுதான். அரசியல் சாசனத்தின் 341ஆவது பிரிவை எடுத்துப் பாருங்கள். எஸ்.சி. பட்டியலை அறிவிப்பவர் குடியரசுத் தலைவர். பிறகு அதில் ஒரு பெயரைச் சேர்க்கவோ நீக்கவோ நாடாளுமன்றம் சட்டம் இயற்ற வேண்டும். மாநில அரசால் ஒரு கமாவைக்கூட நகர்த்த முடியாது. எந்த மதத்தவருக்கு எஸ்.சி. தகுதி உண்டு என்று வரம்பு கட்டும் 1950 ஆணையின் 3ஆம் பத்தியில் 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டது நாடாளுமன்றத்தின் வழியாகத்தான். அந்தப் பத்தியையே நீக்கலாம் என்று 2007இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் பரிந்துரைத்தது. ஆகவே 3ஆம் பத்தி பற்றிய மனு உங்கள் தொகுதி எம்.பி.க்கும், ஒன்றிய சமூக நீதித் துறைக்கும் போகட்டும்.

தீர்மானத்தைச் சட்டமென்று நம்பி, திருமுழுக்குப் பெற்ற பிள்ளைக்கு "இந்து ஆதிதிராவிடர்" என்று சான்றிதழ் வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த, எஸ்.சி. சான்றிதழ் கேட்ட புதுச்சேரிப் பெண்ணின் வழக்கில் திருமுழுக்குப் பதிவேடே எதிர்ச் சான்றாக நின்றது. வேலைக்குச் சேர்ந்து பத்து வருடம் கழித்துச் சான்றிதழ் ரத்தானால் அந்தக் குடும்பம் எங்கே போகும்?

தமிழ்நாட்டில் ஆதிதிராவிடர் இனத்திலிருந்து கிறிஸ்தவத்துக்கு மாறியவர்கள், எந்தத் தலைமுறையில் மாறியிருந்தாலும், பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகிறார்கள். அந்தச் சான்றிதழை ஒழுங்காக வாங்குங்கள். பள்ளி மாற்றுச் சான்றிதழில் சாதிப் பெயர் அதோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். கல்லூரி உதவித்தொகைக்கு மட்டும் பி.சி. அலுவலகத்தோடு நின்றுவிடாதீர்கள். மதம் மாறிய ஆதிதிராவிட மாணவருக்கு மாநில அரசின் சிறப்பு உதவித்தொகை ஆதிதிராவிடர் நலத் துறை வழியாக வருகிறது. விண்ணப்பத்தில் "எஸ்.சி.சி." (கிறிஸ்தவத்துக்கு மாறிய எஸ்.சி.) என்று இருக்கும். கேட்கத் தெரியாமலே எத்தனை பிள்ளைகள் அதை இழக்கிறார்கள்!

இனி, மாநிலத்திடம் எதைக் கேட்கலாம்? பிற்படுத்தப்பட்டோர் ஒதுக்கீட்டுக்குள் உள் ஒதுக்கீடு கேட்கலாம். 2021இல் வந்த 105ஆவது திருத்தத்துக்குப் பிறகு தனது பிற்படுத்தப்பட்டோர் பட்டியலை மாநிலமே வைத்துக்கொள்ளலாம் என்பது தெளிவாகிவிட்டது. நம் சக்தியைச் செலவழிக்க வேண்டிய இடம் இது. ஆனால் கணக்குப் போடாமல் இறங்கினால் என்னவாகும் என்பதையும் பார்த்துவிட்டோம். 2007இல் கிறிஸ்தவர்களுக்கென 3.5 விழுக்காடு தனியாகக் கிடைத்தது. கொண்டாடி முடிப்பதற்குள், பொதுவான பி.சி. ஒதுக்கீட்டில் போட்டியிட்டபோது கிடைத்ததைவிட இடங்கள் குறைகின்றன என்பது தெரிந்தது. 2008இல் நம் தலைவர்களே கேட்டு அதைத் திரும்பப் பெற வைத்தார்கள்.

தரவு இல்லாத ஒதுக்கீடு நீதிமன்றத்தில் நிற்பதும் கடினம். வன்னியருக்கான 10.5 விழுக்காடு 2022 மார்ச் 31 அன்று உச்ச நீதிமன்றத்தில் அப்படித்தான் விழுந்தது. 1985இல், 3ஆம் பத்தியை எதிர்த்த சூசை வழக்கில் நாம் தோற்றதற்கும் காரணம் இதேதான். சென்னையில் செருப்புத் தைத்த ஆதிதிராவிடக் கிறிஸ்தவர் அவர். மதம் மாறிய பிறகும் அதே கொடுமை அதே கடுமையோடு தொடர்கிறது என்பதற்குப் போதிய ஆதாரம் வைக்கவில்லை என்றது நீதிமன்றம். ஊரறிந்த உண்மைக்கு நம் கையில் காகிதம் இல்லை.

அந்தக் காகிதத்தைப் பங்குதான் உருவாக்க வேண்டும். கணக்கெடுப்பை அன்பியம் வாரியாக, அதாவது பங்கின் சிறு குடும்பக் குழுக்கள் வாரியாக, பிரித்துக் கொடுங்கள். குடும்பத்துக்கு ஒரு தாள் போதும். பத்தாம் வகுப்பு தாண்டியவர் எத்தனை பேர், பட்டதாரி எத்தனை பேர், அரசு வேலையில் யார், சொந்த நிலம் எவ்வளவு, கடன் எவ்வளவு. கல்லறைத் தோட்டம் சாதிவாரியாகப் பிரிந்திருந்தால், தேர்ப் பவனி ஒரு தெருவுக்குள் மட்டும் வராமல் திரும்பினால், அதையும் எழுதுங்கள். பங்கின் மானம் போய்விடும் என்று அதை மறைக்கிறவர்களிடம் எனக்குக் கோபம்தான் வருகிறது. நீதிமன்றம் கேட்டதே அந்த ஆதாரத்தைத்தான். பெயர்களை வெளியிட வேண்டியதில்லை. தொகுத்த எண்களை மறைமாவட்டப் பணிக்குழுவுக்கு அனுப்பினால் போதும்.

மாநிலத்துக்கான மனு தனியாக, ஒரே பக்கத்தில், ஒரே கோரிக்கையோடு இருக்கட்டும். மதுவிலக்கு, பள்ளி மானியம், எஸ்.சி. தகுதி என்று எல்லாவற்றையும் ஒரே தாளில் திணித்தால் எந்தத் துறைக்கு அனுப்புவதென்று தெரியாமல் அது மேசை மேசையாய் அலையும். கோரிக்கை, அதற்கான அரசாணை எண், உங்கள் பங்கின் மூன்று எண்கள், கையெழுத்து. பிற்படுத்தப்பட்டோர் நலத் துறைச் செயலருக்கு ஒரு பிரதி, எம்.எல்.ஏ.வுக்கு ஒரு பிரதி. அதுவும் சட்டமன்றத்தில் துறைவாரியாக நிதி ஒதுக்கும் மானியக் கோரிக்கை விவாதம் தொடங்குவதற்கு முன்பே. கூட்டத்தொடர் முடிந்த பிறகு கொடுத்தால் எம்.எல்.ஏ.வால் அடுத்த ஆண்டு வரை காத்திருக்கத்தான் முடியும். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்பாதீர்கள். பதில் வராவிட்டால் அந்தச் சீட்டின் எண்ணைக் குறிப்பிட்டு, மனுமீது என்ன நடவடிக்கை என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். 30 நாளுக்குள் பதில் தந்தாக வேண்டும்.