வெட்சி: இட்லிப்பூவின் பழைய பெயர்

நர்சரியில் போய் "வெட்சிச் செடி இருக்கா?" என்று கேட்டேன். கடைக்காரர் யோசித்தார், அப்படியொன்று வருவதில்லை என்றார். "இட்லிப்பூ?" என்றதும் சிரித்துவிட்டார். "எக்சோராவா சார் கேக்குறீங்க? உங்க கால்கிட்டயே ரெண்டு வரிசை நிக்குதே!"

எக்சோரா, இட்லிப்பூ, வெட்சி மூன்றும் ஒரே செடிதான். பூக்கடையில் மாலைக்குக் கேட்டால் 'விருட்சிப்பூ' என்பார்கள். வெட்சிதான் வாய்வழியாக அப்படித் திரிந்தது. இடையில் 'ரு' நுழைந்ததும் விருட்சம் என்ற வடசொல்லின் சாயல் வந்துவிட்டது. மற்றபடி விருட்சத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. இட்லிப்பூ என்பது கண்ணால் பார்த்து வைத்த பெயர். நான்கு இதழுள்ள சின்னப் பூக்கள் ஒரே கொத்தாக நெருங்கி, நடுவில் உப்பி நிற்கும்போது வேறென்ன பெயர் தோன்றும்?

பள்ளியில் தமிழ் படித்த எல்லோருக்கும் வெட்சியைத் தெரியும், திணையாக மட்டும். "வெட்சி நிரைகவர்தல் மீட்டல் கரந்தையாம்" என்று ஒப்பிக்கிறோம். பகைவர் நாட்டு ஆநிரையைக் கவரப் போகும் வீரர்கள் சூடிய பூ என்று தேர்வில் எழுதுகிறோம். அந்தப் பூ பள்ளி வாசலிலேயே வேலிச் செடியாக நிற்பதை யாரும் காட்டித் தருவதில்லை. "வெட்சி தானே குறிஞ்சியது புறனே" என்கிறது தொல்காப்பியம், அதாவது அகத்தில் குறிஞ்சிக்கு இணையான புறத்திணை வெட்சி. குறிஞ்சிப்பாட்டின் பூ அடுக்கிலும் குறிஞ்சியை அடுத்து வருவது வெட்சிதான். திருமுருகாற்றுப்படையில் சூரரமகளிர் என்னும் மலைத் தெய்வப் பெண்கள் கூந்தலில் "செங்கால் வெட்சிச் சீறிதழ்" இடையிடையே வைக்கிறார்கள். சிவந்த காம்பு, சிறிய இதழ்: தொட்டியில் இருக்கும் செடியை ஒருமுறை குனிந்து பாருங்கள், வரி அப்படியே பொருந்தும்.

அதே நூலில் முருகன் "செச்சைக் கண்ணியன்", அதாவது செச்சை மாலை சூடியவன். செச்சை என்பதும் வெட்சியே. மலையாளத்தில் இது செத்தி, தெச்சி. செச்சையோடு உள்ள உறவு காதிலேயே விழுகிறது. கொச்சியில் டச்சுக்காரர்களின் ஆளுநராக இருந்த வான் ரீட் தொகுத்து, 1678 முதல் 1693 வரை 12 தொகுதிகளாக ஆம்ஸ்டர்டாமில் அச்சான 'ஹோர்ட்டுஸ் மலபாரிக்கஸ்' என்ற தாவர நூலில் செத்தி என்ற பெயரிலேயே இது இடம்பெற்றது.

1753இல் தாவரவியலாளர் லின்னேயஸ் சூட்டிய அறிவியல் பெயர் 'இக்சோரா காக்சினியா'. காக்சினியா என்றால் இலத்தீனில் பளீர்ச் சிவப்பு. இக்சோரா எங்கிருந்து வந்தது என்பதுதான் வேடிக்கை. கோயிலில் இந்தப் பூ சாத்தப்படும் 'ஈசுவரன்' என்ற பெயரைப் போர்த்துகீசியர் தம் எழுத்தில் எழுதிய வடிவம் அது. அவர்கள் மொழியில் 'எக்ஸ்' எழுத்துக்குப் பல இடங்களில் 'ஷ' ஒலி. அதை ஆங்கில முறையில் படித்ததால் ஈசுவரன் இக்சோரா ஆகி, நர்சரிப் பலகையில் எக்சோராவாக இறங்கிவிட்டார்.

ஆகவே எக்சோராவுக்குத் தமிழில் புதுச்சொல் ஆக்க வேண்டிய வேலையே இல்லை. வெட்சி என்றால் போதும். வேறு நிறங்களுக்கு மஞ்சள் வெட்சி, வெள்ளை வெட்சி. 'மினி எக்சோரா'வுக்குக் குட்டை வெட்சி. இட்லிப்பூவையும் நான் விடமாட்டேன், அது நல்ல தமிழ்ப் பேச்சு.

காபிச் செடியும் நுணாவும் இதன் குடும்பத்தைச் சேர்ந்தவை. ஆண்டு முழுவதும் இலை பசுமையாக இருக்கும், வெட்டினால் அடர்ந்து வரும், ஆகவே வேலிக்கு ஏற்றது. பூவைப் பறித்து அடிக்குழலை உறிஞ்சினால் ஒரு சொட்டுத் தேன். கருஞ்சிவப்பாகப் பழுத்த பழத்தையும் சின்ன வயதில் தின்றிருக்கிறோம். கேரளத்தில் செத்திப்பூவைத் தேங்காய் எண்ணெயில் காய்ச்சிக் குழந்தைகளுக்குத் தேய்க்கும் வழக்கம் உண்டு. வேரை வயிற்றுப்போக்குக்குக் கொடுப்பது நாட்டு மருத்துவம். அதை வைத்தியரிடம் விட்டுவிடுவது நல்லது.

வளர்ப்பதில் ஒரே சிக்கல் மண். வெட்சிக்குச் சற்றே அமிலத் தன்மையுள்ள மண் வேண்டும். சிமெண்ட் சுவரை ஒட்டி நட்டாலோ, உப்புத் தண்ணீர் ஊற்றினாலோ மண் காரத்தன்மை அடைந்து, அதில் இரும்புச் சத்து இருந்தும் வேரால் எடுக்க முடியாது. நரம்பு மட்டும் பச்சையாக நிற்க, இலை மஞ்சளாகும். வெறும் உரம் போட்டு இது சரியாகாது. சுவரிலிருந்து தள்ளி நட்டு, மட்கிய இலையும் தொழுவுரமும் கலந்து, முடிந்தவரை மழைநீர் ஊற்ற வேண்டும். நல்ல வெயில் வேண்டும். நிழலில் இலைதான் மிஞ்சும். பாதி முற்றிய கிளையில் நான்கைந்து அங்குலம் வெட்டி, ஈர மணலில் நிழலில் வைத்தால் வேர் பிடிக்கும். எறும்பு வரிசை ஏறினால் இலையின் அடியில் மாவுப்பூச்சி இருக்கிறதா என்று பாருங்கள். வேப்பெண்ணெயைச் சோப்புக் கரைசலில் கலந்து தெளிக்கலாம். புதுத் தளிரின் நுனியில்தான் கொத்து வரும், ஆகவே பூ உதிர்ந்த கிளையை உடனே நறுக்கிவிடுங்கள்.