காலநிலை அகதி, ஊர்நகர்வு: சொல் விளக்கம்

‘கிளைமேட் ரெஃப்யூஜி’ என்பதை நம் நாளிதழ்கள் ‘காலநிலை அகதி’ என்று எழுதிப் பழகிவிட்டன. ஆஸ்திரேலியாவில் நிரந்தர வசிப்புரிமை விசா பெற்றுக் கிளம்பும், பசிபிக் தீவு நாடான துவாலுவைச் சேர்ந்தவரும் அவற்றுக்கு அகதி. கரையிலிருந்து 2 கிலோமீட்டர் உள்ளே புது வீட்டில் குடியேறிய பிஜி விவசாயியும் அகதி. புயலுக்கு ஒரு வாரம் பள்ளிக்கூடத்தில் தங்கியவரும் அகதி. இந்த மூவருக்கும் சட்டத்தில் வெவ்வேறு பெயர்கள் உண்டு. யார் பணம் தருவது, யார் நிலம் தருவது, திரும்பிப் போக முடியுமா என்பதெல்லாம் அந்தப் பெயரைப் பொறுத்தே முடிவாகிறது. அதனால் இந்தக் கலவையைப் பிரித்து எழுதியே ஆக வேண்டும்.

முதலில் அகதி. அ + கதி, வடமொழிச் சொல். கதியற்றவர், புகலற்றவர் என்று பொருள். இதற்குத் தனித்தமிழாக ‘ஏதிலி’ வழங்குகிறது. ஆனால் ‘ஏதிலார் குற்றம்போல் தங்குற்றம் காண்கிற்பின்’ என்ற குறளில் ஏதிலார் என்றால் அயலார்தான். புகலற்றவர் என்ற பொருள் அங்கே இல்லை. நாடிழந்து வந்தவரை அயலார் என்று சுட்டும் சொல்லாக ஏதிலி பின்னால் நிலைபெற்றது.

சட்டப்படி அகதி யார் என்பதை 1951ஆம் ஆண்டின் ஐ.நா. உடன்படிக்கை வரையறுக்கிறது. இனம், மதம், தேசியம், குறிப்பிட்டதொரு சமூகக் குழுவைச் சேர்ந்திருத்தல், அரசியல் கருத்து ஆகிய ஐந்தில் ஒன்றின் பேரில் துன்புறுத்தப்படுவோம் என்ற தகுந்த அச்சத்தோடு சொந்த நாட்டுக்கு வெளியே இருப்பவரே அகதி. கடல்மட்டம் இந்த ஐந்தில் இல்லை. நாட்டு எல்லையைத் தாண்டாதவருக்கு இந்த வரையறை பொருந்தவே பொருந்தாது. பசிபிக் தீவு நாடான கிரிபாட்டியின் தராவா தீவைச் சேர்ந்த ஒருவர் கடல்மட்டம் உயர்வதைக் காரணம் சொல்லி நியூசிலாந்தில் அகதித் தகுதி கேட்டார். அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2015இல் மறுத்தது; அவர் திருப்பி அனுப்பப்பட்டார். 2020 ஜனவரியில் வெளியான ஐ.நா. மனித உரிமைக் குழுவின் முடிவும் அவருக்குச் சாதகமாக இல்லை. ஆனால் உயிர்வாழும் உரிமைக்கே ஆபத்து என்ற நிலை வந்தால், அங்கே ஒருவரைத் திருப்பி அனுப்பக் கூடாது என்ற கோட்பாட்டை அந்தக் குழு ஏற்றுக்கொண்டது. கதவு அவ்வளவுதான் திறந்திருக்கிறது.

‘சுற்றுச்சூழல் அகதி’ என்ற தொடர் பரவியது 1985இல், ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்துக்காக எஸ்ஸாம் எல்-ஹின்னாவி எழுதிய அறிக்கையால். பின்னால் காலநிலை பேச்சுக்கு வந்ததும் அடைமொழி மட்டும் மாறியது. பசிபிக் தீவுக்காரர்கள் பலருக்கு இந்தப் பெயர் பிடிக்கவில்லை. கிரிபாட்டியின் முன்னாள் அதிபர் அனோட்டே டோங் முன்வைத்த கொள்கையின் பெயரே ‘மாண்போடு புலம்பெயர்தல்’. கையேந்திப் போக மாட்டோம், தொழில் கற்றுக்கொண்டு வேலைக்குப் போவோம் என்பது அதன் உள்ளடக்கம்.

2010இல் கான்கூன் காலநிலை மாநாட்டு உடன்பாடு மூன்று சொற்களை அடுத்தடுத்து வைத்தது: டிஸ்பிளேஸ்மென்ட், மைக்ரேஷன், பிளான்டு ரீலொகேஷன். முதல் இரண்டுக்கும் தமிழில் பஞ்சமில்லை.

டிஸ்பிளேஸ்மென்ட் என்பது இடம்பெயர்வு. விருப்பமில்லாமல், நேரம் கிடைக்காமல் கிளம்புவது. போர்க்காலம் முழுக்க ‘இடம்பெயர்ந்தோர் முகாம்’ என்று எழுதிய இலங்கைத் தமிழில் இந்தப் பொருள் கெட்டிப்பட்டு நிற்கிறது; அதைக் கலைக்கத் தேவையில்லை. மைக்ரேஷனுக்குப் புலம்பெயர்வு. ‘மொழிபல பெருகிய பழிதீர் தேஎத்துப் புலம்பெயர் மாக்கள் கலந்தினி துறையும்’ என்று பட்டினப்பாலை பூம்புகாரில் வாழ்ந்த அயல்நாட்டு வணிகரைச் சொல்கிறது. அழுகையோ அவலமோ அந்தச் சொல்லில் இல்லை. ஈழத்தில் புலம்பெயர்ந்தோர் என்றால் கனடாவிலும் ஐரோப்பாவிலும் இருப்பவர்கள். தமிழ்நாட்டில் புலம்பெயர் தொழிலாளர் என்றால் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்கள். துவாலுவிலிருந்து பிரிஸ்பேனுக்குப் போகும் குடும்பத்துக்கும் அதே சொல் போதும். வலசை என்பதும் பழைய அகராதிகளில் அச்சத்தால் ஊரை விட்டுப் போவதைக் குறித்த சொல்தான். இன்று அதைப் பறவைகள் எடுத்துக்கொண்டன. மனிதருக்குத் திருப்பி வாங்குவது கடினம்.

மூன்றாவது சொல்லில்தான் சிக்கல். பிளான்டு ரீலொகேஷன் என்றால் ஓர் ஊரே, ஊராகவே, முன்கூட்டித் தீர்மானித்து வேறிடத்தில் போய் அமர்வது. ‘திட்டமிட்ட இடமாற்றம்’ என்று மொழிபெயர்க்கிறார்கள். இடமாற்றம் என்றதும் நமக்கு நினைவு வருவது தாசில்தாருக்கு வரும் உத்தரவு. ‘மீள்குடியேற்றம்’ என்பது இலங்கையில் சொந்த ஊருக்குத் திரும்பிப் போவது. இங்கே நடப்பதோ நேர் எதிர். ‘மறுகுடியமர்வு’ தமிழ்நாட்டில் ஆற்றோரக் குடிசைகளை அகற்றிப் பெரும்பாக்கம் போன்ற இடங்களுக்கு அனுப்புவதோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. அதில் கேட்டுச் செய்தல் என்ற மணமே கிடையாது. ‘ஊர்ப்பெயர்வு’ என்று கட்டலாம் என்றால், ஊர்ப்பெயர் ஆய்வு என்ற துறை குறுக்கே நிற்கிறது.

‘ஊர்நகர்வு’ என்ற ஆக்கம் பொருத்தமாகப் படுகிறது. இதில் ஒரு வசதி, தன்வினையும் பிறவினையும் தெளிவாகப் பிரியும்: ஊரார் தாமே நகர்ந்தால் ஊர்நகர்வு, பிறர் நகர்த்தினால் ஊர்நகர்த்தல். குடியேறினர், குடியேற்றப்பட்டனர் என்பதிலும் இதே பிரிவு உண்டு. செய்தி எழுதுகிறவர் இந்த ஒன்றைக் கவனித்தாலே பாதி வேலை முடிந்தது.

பசிபிக்கில் இதற்குப் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு எடுத்துக்காட்டுகள் கிடைக்கின்றன. இரண்டுக்கும் காரணம் காலநிலை இல்லை. இன்றைய கிரிபாட்டியைச் சேர்ந்த பனாபா தீவைப் பாஸ்பேட்டுக்காகப் பிரிட்டிஷார் தோண்டித் தீர்த்தார்கள். போர் முடிந்ததும் அந்தத் தீவு மக்களை 1945 டிசம்பரில் பிஜியின் ராம்பி தீவில் இறக்கினார்கள். ராம்பியை வாங்கிய பணம் அவர்களுடைய பாஸ்பேட் வருவாய்தான். ஆனால் முடிவு அவர்களுடையது அல்ல. புயல் பருவத்தில் கூடாரங்களில் தங்கவைக்கப்பட்டார்கள். இது ஊர்நகர்த்தல். அதற்கு அருகிலேயே உள்ள கியோவா தீவை, இன்றைய துவாலுவில் உள்ள வைட்டுப்பு தீவு மக்கள் தாங்களே விலைக்கு வாங்கி, 1947 முதல் சிறு சிறு குழுக்களாக வந்து குடியேறினார்கள். வராதவர்கள் வைட்டுப்புவிலேயே இருந்தார்கள். இது ஊர்நகர்வு. பனாபா மக்களோ 1970களில் லண்டன் நீதிமன்றம் வரை போய் வழக்காடினார்கள்.

காலநிலைக்காக நகர்ந்த ஊர்களில் அதிகம் பேசப்படுவது பிஜியின் வுனிந்தொங்கொலோவா. (பிஜி எழுத்துமுறையில் டி-க்கு முன் ‘ந்’ ஒலிக்கும், ஜி என்பது ‘ங்’ ஒலி, ஆங்கில எழுத்தைப் பார்த்து வுனிடோகோலோவா என்று எழுத வேண்டாம்.) வனுவா லெவு தீவில் நதேவா விரிகுடாக் கரையில் இருந்த கிராமம். கட்டிய கடற்சுவர் தாங்கவில்லை. அலையேற்றத்தில் வீடுகளுக்குள் தண்ணீர் வந்தது. 2006இல் ஊராரே அரசிடம் போய் இடம் மாற உதவி கேட்டார்கள். 2014 ஜனவரியில், சுமார் 2 கிலோமீட்டர் உள்ளே மேட்டில் 30 வீடுகளோடு புதிய ஊர் தயாரானது. கேட்டதற்கும் குடிபோனதற்கும் இடையில் ஏறத்தாழ எட்டு ஆண்டுகள்.

அது நடந்ததற்கு முதற்காரணம் நிலம். பிஜியில் பெரும்பகுதி நிலம் ‘மத்தங்காலி’ எனப்படும் குலக்குழுக்களின் பொதுச் சொத்து; அதை விற்க முடியாது. வுனிந்தொங்கொலோவா மக்கள் போன மேடு அவர்களுடைய குலத்து நிலமே. அடுத்த குலத்து நிலம் என்றால் பேச்சுவார்த்தை, சடங்கு, எழுத்துப்பூர்வ உறுதி எல்லாம் வேண்டும். இன்று தாத்தா கொடுத்த சம்மதத்தை நாளை பேரன் மறுத்தால் ஊரே அந்தரத்தில் தொங்கும். இதனால்தான் ஊர்நகர்வில் வரிசை முக்கியம்: முதலில் ஊராரின் சம்மதம், பெண்களையும் இளைஞர்களையும் தனித்தனியே கேட்டு, பிறகு நில உரிமை, பிறகு மண்ணும் சரிவும் நீரும் சோதித்தல், அதற்குப் பிறகுதான் புல்டோசர். வீடு கட்டுவதற்கு முன்பே வடிகால் வெட்ட வேண்டும். சரிவை வெட்டி வீடு கட்டிவிட்டு வடிகாலை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றால், முதல் மழையிலேயே வெட்டிய மண் வீட்டுக்குள் வரும்.

வுனிந்தொங்கொலோவாவில் ஒரு குறை பலமுறை எழுதப்பட்டிருக்கிறது: வீடுகள் சமையலறை இல்லாமல் கட்டப்பட்டன. பிஜி கிராமத்தில் அடுப்படி வீட்டுக்கு வெளியே தனிக் கொட்டகையாக இருக்கும். விறகு, மண்ணடுப்பு, சமையலுக்குக் கூடும் பெண்கள் எல்லாம் அங்கேதான். திட்டம் போட்டவரின் கணக்கில் அது வரவில்லை. பெண்களைக் கேட்டிருந்தால் முதல் நாளே வந்திருக்கும். இன்னொரு பக்கம், பிழைப்பு கவனிக்கப்பட்டது: அன்னாசி, வாழைக் கன்றுகள், மீன் குளங்கள் புதிய ஊரிலேயே ஏற்பாடாயின. கடலோடிக்குக் கடல் தூரமாகிறது; அந்த இடைவெளியை ஏதாவதொன்று நிரப்பாவிட்டால் ஒரு வருடத்தில் பாதிப்பேர் பழைய கரைக்கே திரும்புவார்கள்.

கட்டுமானத்துக்கு மரம் ஊராரின் பங்கு. கூலியில்லாத கூட்டு உழைப்பைப் பிஜியில் ‘சோலேசோலேவாகி’ என்பார்கள், நமக்குச் சிரமதானம். உறவினரிடம் உரிமையோடு கேட்டு வாங்கும் ‘கெரேகெரே’வுக்கு மட்டும் தமிழில் நேர்ச்சொல் இல்லை. மொய் போன்றதுதானே என்று நினைக்கத் தோன்றும். ஆனால் மொய்க்கு நோட்டு உண்டு, கெரேகெரேவுக்குக் கணக்கு கிடையாது. கேட்டால் மறுப்பது மரியாதை அல்ல, அவ்வளவுதான். புயலுக்கு மறுநாள் அரசு வருவதற்கு முன் சோறு வருவது இந்த வழியில்தான். ஊரைத் துண்டுதுண்டாக வெவ்வேறு இடங்களில் குடியமர்த்தினால் முதலில் அறுந்துபோவதும் இதுவே.

இந்த அனுபவங்களை வைத்துப் பிஜி 2018இல் ஊர்நகர்வு வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. 2019இல் இதற்கென ஓர் அறக்கட்டளை நிதியைச் சட்டமாக்கியது. பப்புவா நியூ கினியின் கார்ட்டரெட் தீவுகளில் மூத்தோர் அவை 2006இல் ‘துலேலே பெய்சா’ என்ற அமைப்பைத் தொடங்கியது. அலைகளில் நாமே பாய்விரித்துப் போவோம் என்பது அந்தப் பெயரின் பொருள். போகன்வில் பெருந்தீவில் கத்தோலிக்கத் திருச்சபை கொடுத்த நிலத்தில், குடும்பத்துக்கு ஒரு ஹெக்டேர் என்ற கணக்கில் கொக்கோவும் கிழங்கும் நட்டு அவர்கள் குடியேறினார்கள். ‘உலகின் முதல் காலநிலை அகதிகள்’ என்று உலகப் பத்திரிகைகள் தலைப்பிட்டது இவர்களைத்தான். தம் நாட்டுக்குள்ளேயே, தாமே அமைப்பு கட்டி, தாமே நகர்ந்தவர்கள்.

எல்லை தாண்டும் பக்கத்தில் புதிய சொல் ‘ஃபலேபிலி’. துவாலு மொழியில் ஃபலே வீடு, பிலி அருகில். அண்டை வீட்டாரைத் தம்மவர்போல் பார்த்துக்கொள்ளும் கடமை. அண்டை அயல் என்று நாம் சொல்வது கிட்டத்தட்ட அதுவே, கடமை கொஞ்சம் குறைவு. 2023 நவம்பரில் துவாலுவும் ஆஸ்திரேலியாவும் கையெழுத்திட்டு 2024 ஆகஸ்டில் நடப்புக்கு வந்த ஒப்பந்தத்துக்கு இந்தப் பெயர்தான். ஆண்டுக்கு 280 பேர் வரை குலுக்கலில் தேர்வாகி நிரந்தரமாக வாழ, படிக்க, வேலை பார்க்கப் போகலாம். கையில் வேலை உத்தரவு வேண்டியதில்லை. 2025இல் முதல் குலுக்கலுக்குப் பெயர் கொடுத்தவர்கள், குடும்பத்தாரையும் சேர்த்து, நாட்டின் மக்கள்தொகையில் பெரும்பகுதி. அதே ஒப்பந்தத்தில் துவாலு வேறு நாடுகளோடு பாதுகாப்பு உடன்பாடு செய்ய ஆஸ்திரேலியாவின் இசைவு வேண்டும் என்ற பிரிவும் இருக்கிறது. அண்டை வீட்டாரின் அன்புக்கு அப்படியொரு நிபந்தனையா என்று உள்ளூரில் கேட்டவர்கள் உண்டு.

கடைசியாக, போகாதவர்கள். பசிபிக் தீவுகள் மன்றம் 2023இல் ஏற்ற காலநிலைப் பெயர்வுச் சட்டகம், சொந்த இடத்தில் தங்குவதையும் ஒரு தெரிவாக எண்ணுகிறது. இதற்கான தமிழ் சிலப்பதிகாரத்தின் தொடக்கத்திலேயே கிடைக்கிறது: ‘பதியெழு வறியாப் பழங்குடி’. பதியெழுதல் என்றால் ஊரை விட்டுக் குடியோடு எழுந்து போதல். புகாரின் பழங்குடிகள் அதை அறியாதவர்கள். அப்படியானால் தங்குவதைப் ‘பதியெழாமை’ எனலாம்.

பதியெழாமைக்கும் செலவு உண்டு. பவளத்தீவில் நன்னீர் மண்ணுக்கடியில் உப்புநீரின் மேல் மிதக்கும் ஒரு வில்லை. கடல்மட்டத்துக்கு மேல் அது 1 அடி நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி ஆழம் இருக்கும். மேலே கொஞ்சம் குறைந்தாலும் கீழே பெரிதாகச் சுருங்கும். துவாலுவில் புலாக்கா என்னும் பெருஞ்சேம்பை இந்த நீர் எட்டும்வரை தோண்டிய குழிகளில் வளர்க்கிறார்கள். பெரிய அலையேற்றத்தில் உப்பு கரையைத் தாண்டி வருவதற்கு முன்பே, குழியின் அடியிலிருந்து ஊறி வந்துவிடும். இலை ஓரம் கருகும், கிழங்கு அழுகும். கடற்சுவர் எழுப்பி இதைத் தடுக்க முடியாது. அதனால் சிமென்ட் தொட்டிகளில் செடியைத் தரைமட்டத்துக்கு மேல் வளர்ப்பதும், கூரை மழைநீரைப் பிடிப்பதும் வேண்டியிருக்கிறது. துவாலுவின் தலைநகர் ஃபுனாஃபுட்டியில் கடலிலிருந்து மணலை வாரி 7 ஹெக்டேருக்கும் மேல் புது நிலம் உயர்த்தியிருக்கிறார்கள். 2023இல் துவாலு தன் அரசியலமைப்பையும் திருத்தி, கடல் எவ்வளவு நிலத்தை விழுங்கினாலும் தன் நாட்டுநிலை தொடரும் என்று எழுதிக்கொண்டது.