அரிசி இழுத்த கலசம்

உண்மையில் நடந்த மோசடிகளை வைத்து ஹெச். வினோத் எடுத்த படம் 2014-இல் வந்த 'சதுரங்க வேட்டை'. மண்ணுளிப் பாம்பை விற்கும் காட்சியில் நானும் வாய்விட்டுச் சிரித்தவள்தான். இங்கே கேரள எல்லையில் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் என் வக்கீல் ஆபீசுக்கு வந்துபோன பிறகு அந்தச் சிரிப்பு வரவில்லை.

தென்னந்தோப்புக்காரர். பொள்ளாச்சியில் ஒரு லாட்ஜ் அறையில் அவருக்குச் செம்புக் கலசம் ஒன்றைக் காட்டியிருக்கிறார்கள். பக்கத்தில் அரிசியைத் தூவியதும் ஓடிப்போய் ஒட்டிக்கொண்டதாம். "இடி விழுந்த கோயில் கலசம், இரிடியமா மாறிருச்சு. வெளிநாட்டுக்காரன் கோடிக்கணக்கில் வாங்குவான்." டெஸ்டிங் செலவு, டெஸ்டிங் செலவு என்றே மகள் கல்யாணத்துக்குச் சேர்த்த பணம் முழுவதும் போய்விட்டது.

அரிசியில் இரும்புத்தூளைப் பூசி, உள்ளே காந்தத்தை ஒளித்து வைத்தால் எந்தச் சொம்பும் அரிசியை இழுக்கும். இடி விழுந்தால் செம்பு உருகலாம், இரிடியம் என்ற வேறொரு உலோகமாக மாறாது. இரிடியம் 2,400 டிகிரி செல்சியசுக்கு மேல்தான் உருகும். பழைய பட்டறை உலைகளில் அதை வார்த்திருக்கவே முடியாது.

"அம்மிணி, கேஸெல்லாம் வேண்டாமுங்க. படத்துல ஏமாந்தவனப் பாத்துச் சிரிச்ச மாதிரி ஊரே சிரிக்கும்" என்றார். கும்பலுக்குப் பாதுகாப்பு இந்த வெட்கம்தான். இன்னொரு பாதுகாப்பு எல்லைக்கோடு. இங்கே ஒரு ஸ்டேஷனில், பணம் கைமாறியது தமிழ்நாட்டில், அங்கே போங்கள் என்றிருக்கிறார்கள். அங்கே போனால், நீங்கள் கேரளாக்காரர் ஆச்சே என்றார்களாம். மனம் விட்டுப்போய் வீட்டில் உட்கார்ந்துவிட்டார்.

அப்படித் திருப்பி அனுப்பக் கூடாது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவுப்படி, குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் புகார் கொடுக்கலாம். ஜீரோ எஃப்ஐஆர் என்பது இதுதான். பதிய மறுத்தால் எஸ்பிக்கு எழுதி அனுப்புங்கள். அதற்கும் அசையவில்லையென்றால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். ஏமாற்றிப் பணம் பறித்தவருக்கு, தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா 318(4)-இன்படி 7 ஆண்டு வரை சிறை உண்டு. போனில் பணம் அனுப்பியிருந்தால் அந்த நிமிடமே சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள். நேரம் போகப் போக அந்தப் பணத்தை முடக்கிவைப்பது கடினம்.

படத்தில் வருவதுபோல மண்ணுளிப் பாம்பு வாங்கி ஏமாந்தவர்கள் இன்னும் பயந்து மறைக்கிறார்கள். 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ச் சட்டப்படி அதை வாங்குவதும் வைத்திருப்பதும் குற்றம். எதையும் ஒளிக்காமல் முதலில் வக்கீலிடம் சொல்லுங்கள்.

பெரியவர் மூன்றாம் முறை வந்தபோது மகளையும் கூட்டிவந்தார். மனுவைத் தமிழில் எழுதியது அந்தப் பெண்தான். நான் மலையாளத்தில் ஒரு பிரதி போட்டுச் சேர்த்தேன். இரண்டிலும் கையெழுத்துப் போட்டுவிட்டு, "எப்பப் போலாமுங்க?" என்று கேட்டார்.