சந்தா கட்டாமல் சஞ்சிகை இல்லை

இலங்கை மலையகத்துப் பொது நூலகங்களில் காலைப் பத்திரிகைக்கு அடிபிடி. வேலைவாய்ப்பு விளம்பரத்தை ரகசியமாகக் கிழித்துக்கொண்டு போகிறவர்களும் உண்டு. பக்கத்துத் தட்டில் இருக்கும் சிறு சஞ்சிகையைத் தொட ஆளில்லை. பிறகு, 'யாருமே வாசிப்பதில்லை' என்று சொல்லி முதலில் அதற்கான சந்தாவைத்தான் வெட்டுகிறோம். நூலகராக எனக்கு இதில்தான் கவலை.

யுத்தம் முடிந்த நாட்டில் தேர்தல் வைத்தால் ஜனநாயகம் வந்துவிடும் என்று ஒரு எண்ணம் இருக்கிறது. ஆனால் அதற்கு முதலில் ஆற அமர வாதாட ஓர் இடம் வேண்டும், சஞ்சிகை அந்த இடம். ஜேர்மனியைப் பாருங்கள். மேற்கு ஜேர்மனியின் முதல் பொதுத்தேர்தல் 1949 ஆகஸ்டில் நடந்தது. அதற்கு ஏறக்குறைய நான்கு வருடம் முன்பே, 1945 நவம்பரில், ஹைடல்பேர்க் நகரில் 'டி வாண்ட்லுங்' என்ற மாத இதழ் வந்துவிட்டது. டொல்ஃப் ஸ்டேர்ன்பேர்கர் ஆசிரியர், தத்துவவாதி கார்ல் யாஸ்பேர்ஸ் அவரோடு நின்றார். நாஜிகள் ஆட்சியில் நடந்த கொடுமைக்கு யார் எவ்வளவு பொறுப்பு என்பதை நாடு கடந்து போயிருந்த சிந்தனையாளர் ஹன்னா அரென்ட் அதே இதழில் 1946இல் எழுதினார். தோற்றுப்போய்ப் பசியில் கிடந்த ஒரு சமூகம் இதைக் காசு கொடுத்து வாங்கி வாசித்தது! மியூனிக்கின் 'டேர் ரூஃப்' இதழ் அப்போது அங்கே ஆட்சியிலிருந்த அமெரிக்க இராணுவ நிர்வாகத்தையே விமர்சித்தது. 1947இல் அதன் ஆசிரியர்கள் வெளியேற வேண்டியதாயிற்று. ஆனால் பெரும்பாலான இதழ்களைச் சாய்த்தது 1948 ஜூனில் வந்த புதிய நாணயம். கையில் பெறுமதியான காசு வந்ததும் மக்கள் சப்பாத்தும் சாமானும் வாங்கப் போனார்கள். 'டி வாண்ட்லுங்' 1949இல் நின்றுபோனது.

சரி, நம் பக்கம் வருவோம். தோட்டத் தொழிற்சங்கத் தலைவர் கோ. நடேசய்யர் 1921இலேயே 'தேசநேசன்' பத்திரிகை நடத்தியவர். பிறகு 'தீர்த்தக்கரை', 'கொழுந்து', 2000இல் கண்டியிலிருந்து 'ஞானம்' என்று மலையகத்துக்கு நல்ல இதழ் மரபு உண்டு. இருந்தும் 2009இல் இங்கே யுத்தம் முடிந்த பிறகு ஒரு பெரிய விஷயத்தை நாம் போதிய அளவு பேசவில்லை என்பது என் எண்ணம். 1977, 1983 வன்செயல்களுக்குப் பயந்து இங்கிருந்து வவுனியா, கிளிநொச்சி என்று போய்க் குடியேறிய குடும்பங்கள் கடைசி யுத்தத்திலும் அகப்பட்டன. வடக்குக்கு அவர்கள் மலையகத்தார். மலையகத்துக்கு அவர்கள் போய்விட்டவர்கள். இவர்களின் கதையை எழுதி, அதற்கு மறுப்பு வந்து, அந்த மறுப்புக்கும் அடுத்த இதழில் பதில் வரும் இடம் சஞ்சிகைதான். முகநூலில் இதே வாக்குவாதம் இரண்டு நாளில் வசையாகி முடிந்துவிடும். மூன்று மாதம் காத்திருந்து எழுதும் பதிலில் கோபம் கொஞ்சம் வடிந்திருக்கும், ஆதாரமும் கூடவே வரும்.

பழைய இதழ்களைத் தயவுசெய்து பேப்பர்க்காரரிடம் நிறுத்துப் போடாதீர்கள். 2005இல் தொடங்கிய நூலகம் இணையத்தளம் ஈழத்து இதழ்களை ஸ்கேன் செய்து வைத்திருக்கிறது. வீட்டிலுள்ள பிரதி அங்கே இல்லையென்றால் அவர்களுக்குச் சொல்லலாம்.

அப்புறம் சந்தா. பிரதேச சபையின் அடுத்த வருட வரவு செலவுத் திட்டம் வருட முடிவுக்குள் தயாராகும். தோட்டத்து இளைஞர் கழகமோ ஆசிரியர்களோ அதற்கு முன்பே, எந்த இதழ்கள் வேண்டும் என்று பெயர் போட்டுச் சபைக்கும் நூலகருக்கும் கடிதம் கொடுங்கள். வாசகர் கையெழுத்தோடு வரும் கடிதம் கையில் இருந்தால் எங்களுக்கும் வாதாடச் சுலபம். போன வருடம் சஞ்சிகைக்கு எவ்வளவு செலவானது என்று 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்கலாம், தமிழிலேயே எழுதிக் கொடுக்கலாம். தகவல் தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் சொல்லியாக வேண்டும்.