பை, அப்பம், பூரணப்பை

ஜூன் பிறந்து தென்னாப்பிரிக்காவின் டர்பனில் விடியற்காலைக் காற்று லேசாகக் கடிக்கத் தொடங்கினால் போதும், தமிழில் அச்சடித்த உணவுப் பட்டியல்களிலும் தமிழ் வகுப்புக் கைப்பிரதிகளிலும் ‘ஆப்பிள் அப்பம்’ தலைகாட்டிவிடும். கூடவே ‘கோழி அப்பம்’, ‘ஆட்டுக்கறி அப்பம்’. மாவு ஓட்டுக்குள் பழமோ கறியோ வைத்து மூடிச் சுடும், ஆங்கிலத்தில் ‘பை’ (pie) எனும் பண்டத்துக்குத்தான் இந்தப் பெயர். ஒருமுறை என்றால் போகட்டும் என்று விட்டுவிடலாம். ஆண்டுதோறும் குளிர் வரும்போதெல்லாம் இதே அப்பத்தைப் பரிமாறினால் எப்படி?

‘பை’ என்ற சொல்லின் வரலாறு நீளமில்லை. ஆங்கிலத்தில் 12ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே ‘பை’ செய்யும் இடத்துக்கு ஒரு சொல் இருந்திருக்கிறது. பண்டத்தின் பெயராகப் ‘பை’ 14ஆம் நூற்றாண்டில் தெளிவாகக் கிடைக்கிறது. மேக்பை என்ற காக்கை இனப் பறவையின் பெயரிலிருந்து வந்தது என்பது பலர் ஏற்கும் ஊகம். அந்தப் பறவையைக் குறிக்கும் லத்தீன் சொல் ‘பிக்கா’. கண்டதையும் பொறுக்கிச் சேர்க்கும் பறவை அது, கண்டதையும் போட்டு மூடும் பண்டம் இது என்று பொருத்தம் சொல்கிறார்கள். பழைய ஆங்கிலச் சமையல் குறிப்புகள் பையின் மாவு ஓட்டைக் ‘காஃபின்’ என்கின்றன. இன்று அது சவப்பெட்டி. அன்று வெறும் பெட்டி, கூடை. மூலம் ‘கொஃபினோஸ்’ என்ற கிரேக்கச் சொல், அதற்கும் கூடை என்றே பொருள். மாவு ஓட்டை ஒரு கொள்கலமாகத்தான் பார்த்திருக்கிறார்கள். இதை மனதில் வைத்துக்கொண்டால் இனி வரும் வாதம் எளிது.

இப்போது அப்பத்துக்கு வருவோம். தமிழில் அப்பம் என்றால் என்ன? பச்சரிசி மாவும் வெல்லமும் கரைத்து எண்ணெயிலோ நெய்யிலோ சுட்டெடுக்கும் இனிப்பு. புளித்த மாவைக் குழிவான சட்டியில் சுழற்றி எடுத்தால் ஆப்பம். கிறிஸ்தவத் தமிழர் வீட்டில் அது ரொட்டி, ‘ஜீவ அப்பம் நானே’ என்று வேதாகமத்தில் வருவது. மூன்றிலும் மாவுதான் பண்டம், உள்ளே வைத்து மூடுவதற்கு எதுவுமில்லை. பையின் உயிரோ உள்ளே இருப்பதில்தான் இருக்கிறது, மாவு அதற்குச் சுவரும் கூரையும். ‘ஆப்பிள் அப்பம்’ என்று படிப்பவர் ஆப்பிளை அரைத்து மாவில் கலந்து சுட்டது என்றுதான் நினைப்பார். ‘கோழி அப்பம்’ என்பதைக் கேட்டால் ஞாயிற்றுக்கிழமைத் திருச்சபைக்குப் போகிறவர் ரொட்டியையும் கோழிக்குழம்பையும் நினைத்துக்கொள்வார். அதுவும் நல்ல சாப்பாடுதான், ஆனால் வேறு சாப்பாடு.

அப்பம் பழந்தமிழ்ச் சொல், கோயில் பிரசாதம், அதனால் கௌரவமானது என்று சிலர் வாதிடுகிறார்கள். பழமை ஒரு சொல்லுக்கு அழகு. அந்தச் சொல்லுக்கு ஏற்கெனவே ஒரு வேலை இருக்கும்போது அதன் தலையில் இன்னொரு வேலையைக் கட்டினால் இரண்டும் கெடும். பிள்ளையார் கோயிலில் ‘அப்பம்’ என்று அறிவித்தால் பிள்ளைகள் ஆட்டுக்கறியைத் தேடும் நாள் வந்துவிடக் கூடாது.

இன்னொரு கட்சி ‘அடை’ என்கிறது. இதில் கொஞ்சம் நியாயம் உண்டு. அடைத்தல் என்ற வினை காதில் விழுகிறது. இலையில் மாவைப் பரப்பித் தேங்காய், வெல்லம் வைத்து மடித்து அவிக்கும் இலையடை கன்னியாகுமரிப் பக்கமும் கேரளத்திலும் உண்டு. ஆனால் பெரும்பாலான தமிழர்களுக்கு அடை என்றால் பருப்பு அரைத்துத் தோசைக்கல்லில் வார்ப்பது. ‘ஆப்பிள் அடை’ என்றால் அவியலுக்குத்தான் கை நீளும்.

அப்படியானால் வந்த சொல்லையே வைத்துக்கொள்ளலாமே? 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து ‘ட்ரூரோ’ கப்பல் டர்பனில் கரை சேர்ந்த நாளிலிருந்து இந்த மண்ணில் எத்தனையோ உணவுப் பெயர்களை மாற்றாமல் வாயில் போட்டுக்கொண்டிருக்கிறோம். சமூசாவுக்கு யாரும் தூய தமிழ் கேட்பதில்லை. ரொட்டியைக் குடைந்து குழம்பை ஊற்றித் தரும் பன்னி சௌவுக்கும் கேட்பதில்லை. கேட்காமல் இருப்பதே நல்லது. ‘பை’ மட்டும் என்ன பாவம் செய்தது?

பாவம் ஒலியில் இருக்கிறது. தமிழில் பை ஏற்கெனவே குடியிருக்கும் சொல். சந்தைக்குத் தூக்கிப்போவது பை. இரைப்பை, பித்தப்பை, கருப்பை என்று உடம்பெல்லாம் பை. பாம்பின் படமும் பை. பைங்கிளியில் வரும் பை பசுமை. வட்டத்தின் சுற்றளவுக்கு வரும் கிரேக்க எழுத்தும் வகுப்பறையில் பைதான். அணாவில் பன்னிரண்டில் ஒரு பங்கான பழைய காசுக்கும் ஆங்கிலத்தில் பை என்றே பெயர். நம் முன்னோர் அதைப் பெரும்பாலும் தம்பிடி என்றார்கள். தம்பிடியும் தெலுங்கு வழி வந்தது என்பதைத் தூய்மைக்காரர்கள் காதில் மெதுவாகப் போட்டுவைக்கலாம். குழப்பம் வரும் இடத்தில் வேறு சொல் தேடிக்கொண்டார்கள், அது எங்கிருந்து வந்தது என்று பார்க்கவில்லை.

குழப்பம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்குச் சமையல் குறிப்பே சாட்சி. ஆங்கிலத்தை வரிக்கு வரி ஒலிபெயர்த்தால் கிடைப்பது: ‘அவனை 220 டிகிரிக்குச் சூடேற்றிப் பையை அதில் வைக்கவும். பையின் மேல் நான்கு கீறல் போடவும். பையை ஆறவிடாமல் வெட்டினால் உள்ளே இருப்பதெல்லாம் கொட்டிவிடும்.’ யாரோ ஒருவனைச் சூடேற்றி, அவனிடம் பையைக் கொடுத்து, பிறகு அதைக் கத்தியால் கிழிக்கும் கொடுமைக்கதை. கடைசி வாக்கியம் மட்டும் எந்தப் பைக்கும் பொருந்தும்.

என் கட்சி ‘பூரணப்பை’. கொழுக்கட்டைக்குள், போளிக்குள், சோமாசிக்குள் வைப்பதைத் தமிழ் அடுக்களை பூரணம் என்றே சொல்லி வந்திருக்கிறது. இனிப்புக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம், உப்புக் கொழுக்கட்டைக்குள் போகும் உளுந்தும் பூரணம்தான். அதனால் ஆட்டுக்கறிக்கும் கூசாமல் பொருந்தும். ‘பை’ என்ற பின்பாதி இங்கே இரட்டை வேலை செய்கிறது. வந்த சொல்லின் ஒலியும் அப்படியே இருக்கிறது, தமிழ்ப் பொருளும் கெடவில்லை. பூரணத்தைத் தாங்கும் மாவுப்பை. பழைய ஆங்கிலேயர் கூடை என்று சொன்னதும் இதைத்தான். பூரணம் வடசொல், ‘உள்ளீடு’ என்று எழுது என்பார்கள். ‘உள்ளீட்டுப்பை’ என்று எழுதினால் கணினிக் கடையில் தேடுவார்கள். பித்தப்பை, இரைப்பை வரிசையில் பூரணப்பையும் ஓர் உறுப்புப்போல ஒலிக்கிறதே என்ற குறை உண்மைதான். முன்னால் ஆப்பிளோ கோழியோ வந்து நின்றதும் அந்தக் குறை மறைந்துவிடும்.

சொல் சரியா என்று பார்க்கப் பண்டத்தைச் செய்து பார்ப்பதே வழி. 23 சென்டிமீட்டர் தட்டுக்கு மேலும் கீழும் மாவு வைக்கும் ஆப்பிள் பூரணப்பைக்குக் கணக்கு இது. கேக் மாவு 320 கிராம், குளிர்ந்த வெண்ணெய் 220 கிராம், உப்பு அரைத் தேக்கரண்டி, ஐஸ் தண்ணீர் 90 முதல் 110 மில்லி. வெண்ணெயைப் பட்டாணி அளவுத் துண்டுகளாக மாவில் உதிர்த்துவிட்டு நிறுத்த வேண்டும். அந்தத் துண்டுகள் அடுப்புச் சூட்டில் உருகும்போது நீர் ஆவியாகி அடுக்குகளைத் தூக்கும். கைச்சூட்டில் முன்பே உருகிவிட்டால் ஓடு பிஸ்கட்டாகக் கெட்டிப்படும். சப்பாத்தி மாவுபோல அடித்துப் பிசைந்தால் பசைத்தன்மை ஏறி, வேகும்போது விளிம்பிலிருந்து சுருங்கும். இரண்டு வட்டாகத் தட்டி ஒரு மணி நேரம் குளிர்பெட்டியில் வைத்தால் மாவு இறுக்கம் தளர்ந்து, திரட்டும்போது பின்வாங்காது.

பூரணத்துக்குக் கிரானி ஸ்மித் ஆப்பிள் 1.2 கிலோ. கேப் பகுதி எல்கின் பள்ளத்தாக்குத் தோட்டங்களில் கோடை முடிந்தபின் பறித்துக் குளிர்கிடங்கில் வைத்தவை ஜூன், ஜூலையிலும் கடையில் கிடைக்கும். புளிப்பும் உறுதியும் உள்ள வகை, வெந்தாலும் துண்டு துண்டாக நிற்கும். மாவாகக் கரையும் இனிப்பு ஆப்பிளைப் போட்டால் உள்ளே கூழ்தான். சர்க்கரை 120 கிராம், பட்டைத்தூள் ஒரு தேக்கரண்டி, எலுமிச்சைச் சாறு ஒரு மேசைக்கரண்டி, மேசீனா (மக்காச்சோள ஸ்டார்ச்) 30 கிராம். மேசீனாவைச் ‘சோளமாவு’ என்று பெயர்த்து வைத்திருக்கும் குறிப்புகளை நம்பி, இந்த ஊரில் கூழுக்குப் போடும் மீலி மாவை அள்ளிக் கொட்டிவிடாதீர்கள். அது நறநறக்கும், சாறும் இறுகாது. ‘மக்காச்சோள ஸ்டார்ச்’ என்று எழுத யாருக்கும் கை வலிக்காது.

அடிமாவின் மேல் பூரணத்தை மேடாக வைத்து, மேல்மாவால் மூடி, விளிம்பு இரண்டையும் சேர்த்து மடித்து முறுக்க வேண்டும். சோமாசி மடிப்பு தெரிந்த கைக்கு இது சொல்லித்தர வேண்டியதில்லை. மிஞ்சிய ஓரத்தை நறுக்கச் சோமாசிக் கரண்டியே போதும், நெளிநெளியான ஓரமும் கிடைக்கும். நடுவில் நான்கு கீறல். ஆவி போக வழியில்லை என்றால் மூடி வெடித்துச் சாறு வழிந்து அடுப்பின் அடியில் கருகும். முன்பே சூடேறிய தட்டின் மேல் வைத்து 220 டிகிரியில் 20 நிமிடம், பிறகு 180க்கு இறக்கி 40 நிமிடம். கீழ்ச்சூடு முதலில் வலுவாகக் கிடைத்தால்தான் அடிமாவு நமுத்துப்போகாது. கீறல் வழியே சாறு கெட்டியாகக் கொப்பளிக்கும்போதுதான் வெந்தது என்று கணக்கு, பொன்னிறத்தை மட்டும் நம்பக் கூடாது. பிறகு மூன்று மணி நேரம் ஆற வேண்டும். ஸ்டார்ச் இறுகுவது ஆறும்போதுதான். கறிப் பூரணம் என்றால் அந்தக் கவனம் முன்னால் வேண்டும். குழம்பைச் சுண்டவைத்து முற்றிலும் ஆறியபின் வைக்காவிட்டால், அடுப்புக்குப் போகும் முன்பே வெண்ணெய் உருகி ஓடு ஊறிவிடும்.

இங்கே பெரும்பாலான வீடுகளில் வீடு முழுவதையும் சூடாக்கும் ஏற்பாடு கிடையாது. பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலும் ஜொஹானஸ்பர்க்கிலும் ஜூலை மாலையில் வீட்டிலேயே கதகதப்பான இடம் ஒரு மணி நேரம் எரிந்த அடுப்பு இருக்கும் சமையலறைதான். பட்டைவாசனையும் சேர்ந்துகொண்டால் எல்லோரும் அங்கே நாற்காலியை இழுத்துப் போட்டுவிடுவார்கள். இதை ‘மார்கழிக் குளிரில் ஒரு சுகம்’ என்று மொழிபெயர்ப்பவர் நாட்காட்டியைப் பார்க்கவில்லை. இந்த ஊரில் மார்கழியில் வியர்த்துக் கொட்டும், குளிருக்கு ஆடிதான் மாதம்.

மொழிபெயர்ப்பாளரைப் பற்றிப் பேச்சு வந்துவிட்டது. ஆங்கில மரபுத்தொடர்களில் வரும் பையையும் இவர்கள் சும்மா விடுவதில்லை. தவற்றை ஒப்புக்கொண்டு தலைகுனிந்தவர் ‘பணிவுப் பை சாப்பிட்டார்’ என்று ஒரு செய்தி. அந்தத் தொடரின் பின்னால் இருப்பது மான் குடலும் ஈரலும் வைத்துச் செய்த ‘அம்பிள்’ பை. ஒலி நெருங்கி இருந்ததால் பணிவோடு ஒட்டிக்கொண்டது. தமிழில் அவர் மூக்குடைபட்டார், அவ்வளவுதான். எளிதான வேலை ‘பை போல’ எளிதாகாது, நமக்கு அது அல்வா சாப்பிடுகிற மாதிரி. எல்லாப் பையிலும் விரல் விடுகிறவரை நாம் பிக்பாக்கெட் என்போம். ஆங்கிலம் சொல்ல வந்ததோ எதிலும் மூக்கை நுழைப்பவரை. ‘பை சார்ட்’டுக்கு வைத்த வட்ட விளக்கப்படம் ஒன்றுதான் பாடநூலில் ஒழுங்காக அமைந்திருக்கிறது.

எல்லாப் பையும் பூரணப்பை ஆகாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். மேல்மூடி இல்லாமல் பால்கலவை ஊற்றிப் பட்டைத்தூள் தூவும் மெல்க்டெர்ட்டை இந்த நாட்டின் ஆஃப்ரிகான்ஸ் மொழியே ‘டெர்ட்’ என்று தனியாக வைத்திருக்கிறது, மூடியதற்கு ‘பஸ்டெய்’. அந்தப் பாகுபாட்டை நாமும் காக்கலாம், பால் டெர்ட் என்றால் போதும். காட்டேஜ் பையில் மாவு ஓடே கிடையாது. மசித்த உருளைக்கிழங்கு மூடிய கொத்துக்கறி என்று நேராகச் சொல்லிவிடுங்கள். பெட்ரோல் நிலையக் கடையில் இரவு இரண்டு மணிக்குக் கண்ணாடிப் பெட்டியிலிருந்து எடுத்துத் தருவதை மட்டும் வாயால் கேட்கும்போது ‘பை’ என்றே கேளுங்கள். எழுதும்போது பூரணப்பை என்று ப் போட்டுச் சேர்த்து எழுதுங்கள். பிரித்து எழுதினால் பூரணம் ஒரு கையிலும் பை இன்னொரு கையிலுமாக நிற்கும்.