நேரில் வராதவர் தந்த துப்பை வைத்து வீட்டைச் சோதனையிடலாமா? அமெரிக்கச் சட்டம் சொல்வது

அமெரிக்காவில் ஒருவருடைய வீட்டுக்குள் புகுந்து சோதனையிட, சில விதிவிலக்குகள் நீங்கலாக, காவல்துறை நீதிபதியிடம் வாரண்ட் பெற்றாக வேண்டும். போதிய முகாந்திரம் இருக்க வேண்டும், அது சத்தியப் பிரமாணத்தின் பேரில் சொல்லப்பட வேண்டும், தேடும் இடமும் கைப்பற்றும் பொருளும் குறிப்பாகக் காட்டப்பட வேண்டும் என்று, 1791-இல் ஏற்கப்பட்ட நான்காவது அரசியல் சட்டத் திருத்தம் விதிக்கிறது. போலீசார் தாமே கண்ணால் கண்டதை எழுதினால் சிக்கல் அதிகமில்லை. நீதிபதியின் முன் வராத ஒருவர் கொடுத்த துப்பு மட்டுமே கையில் இருக்கும்போதுதான் கேள்வி எழுகிறது.

ஹூஸ்டன் நகரக் காவலர்கள் இருவர், நம்பகமான ஒருவரிடமிருந்து நம்பத்தகுந்த தகவல் கிடைத்தது என்ற அளவில் எழுதிக்கொடுத்து வாரண்ட் பெற்ற வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. 1964-இல் வெளியான அந்த அகிலார் தீர்ப்பு, இது போதாது என்றது. துப்புக் கொடுத்தவருக்கு அந்த விஷயம் எப்படித் தெரிந்தது, அவரை ஏன் நம்ப வேண்டும் என்ற இரண்டுக்கும் பிரமாணப் பத்திரத்திலேயே விடை இருக்க வேண்டும். 1969-இன் ஸ்பினெல்லி தீர்ப்பு இதை மேலும் இறுக்கியது.

1978 மே மாதம் இல்லினாய் மாநிலத்தின் புளூமிங்டேல் காவல்துறைக்குக் கையெழுத்தில்லாத கடிதம் ஒன்று வந்தது. ஒரு தம்பதியர் போதைப்பொருள் விற்பதாகவும், மனைவி புளோரிடாவுக்குக் காரை ஓட்டிச் செல்ல, கணவர் விமானத்தில் போய் அதைச் சரக்கோடு ஓட்டிவருவார் என்றும் அதில் இருந்தது. எழுதியவர் யாரென்றே தெரியாததால் பழைய இரண்டு கேள்விகளுக்கும் விடை கிடைக்க வழியில்லை. ஆனால் போலீசார் விசாரித்தபோது, கணவர் விமானமேறியதும், மனைவி பெயரில் எடுத்திருந்த ஓட்டல் அறைக்குச் சென்றதும், மறுநாள் கார் வடக்கே புறப்பட்டதும் உறுதியாயின. மனைவி விமானத்தில் திரும்புவார் என்ற கடிதத்தின் வாக்கு மட்டும் பொய்த்தது. அவரும் காரிலேயே வந்தார். 1983-இல் உச்ச நீதிமன்றம் இந்த வாரண்ட் செல்லும் என்றது. சூழ்நிலை முழுவதையும் சேர்த்துப் பார்க்கையில், தேடும் பொருள் அங்கே கிடைக்க நியாயமான வாய்ப்பு இருந்தால் போதும் என்பதே இன்றைய அளவுகோல். பழைய இரண்டு கேள்விகள் மறைந்துவிடவில்லை. ஒன்றில் உள்ள குறையை மற்றொன்றோ போலீசாரின் நேரடி விசாரணையோ ஈடுகட்டலாம் என்பதே மாற்றம். நியூயார்க், வாஷிங்டன் போன்ற சில மாநிலங்கள், தங்கள் மாநிலச் சட்டத்தின் கீழ், பழைய கடுமையான முறையையே வைத்துக்கொண்டன. குடிமக்களுக்கு அதுவே கூடுதல் பாதுகாப்பு என்பது என் கருத்து. ஏனெனில், வாரண்ட் கேட்கும்போது நீதிபதி கேட்பது ஒரு தரப்பை மட்டுமே.

அந்த ஒரு தரப்பு பொய் சொன்னால் என்ன ஆகும் என்பதையும் ஹூஸ்டனே காட்டியது. 2019 ஜனவரியில், துப்பாளர் ஒருவர் ஒரு வீட்டில் ஹெராயின் வாங்கியதாகக் காவலர் ஒருவர் சத்தியம் செய்து வாரண்ட் பெற்றார். அப்படி யாரும் வாங்கவே இல்லை. சோதனையின்போது அந்த வீட்டுத் தம்பதியர் சுட்டுக் கொல்லப்பட்டனர். 2024-இல் அந்தக் காவலர் கொலைக் குற்றவாளி என்று தீர்ப்பானது.

குற்றம் சாட்டப்பட்டவருக்கு வழி இல்லாமல் இல்லை. பிரமாணப் பத்திரத்தில் வேண்டுமென்றோ உண்மையைப் பற்றிக் கவலைப்படாமலோ பொய் எழுதப்பட்டிருப்பதாக வலுவான ஆதாரம் காட்டினால், 1978-இன் பிராங்ஸ் தீர்ப்புப்படி அவர் தனி விசாரணை கோரலாம். பொய்யை நீக்கிய பிறகு மிஞ்சுவது முகாந்திரத்துக்குப் போதவில்லை என்றால் வாரண்ட் செல்லாது, கைப்பற்றியவற்றைச் சாட்சியமாக்கவும் முடியாது. துப்பாளரின் பெயரை மட்டும் பொதுவாகக் கேட்டுப் பெற இயலாது. வாரண்டை நல்லெண்ணத்தோடு நம்பிச் செயல்பட்ட போலீசார் கைப்பற்றியவை, பின்னர் முகாந்திரம் போதாது என்று தெரிந்தாலும், 1984-இன் லியான் தீர்ப்புப்படி சாட்சியமாகலாம். ஆனால் முகாந்திரத்தின் சாயலே இல்லாத வெற்றுப் பத்திரத்துக்கு அந்தச் சலுகை கிடையாது.